திங்கட்கிழமை பேசுவேன்

வெளிநாடுகளிலிருந்து நம் பள்ளிக்கு வரும் தன்னார்வ ஆசிரியர்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை இந்த ஆண்டிலிருந்து நீங்கள் ஏற்றிருக்கிறீர்கள். உங்களிடம் கொடுக்கப்பட்ட கோப்பு நான் தயாரித்தது. விசா நகல், காப்பீடு, இரத்தவகை, காவல்துறைப் பதிவு, வயிற்றுக்கு ஆகாமல் போனால் எந்த மருத்துவரிடம் போவது என்பது வரை அதில் இருக்கும். பல ஆண்டுகளாக வரி வரியாகச் சேர்த்தது அது. ஆனாலும் நீண்ட காலம் அதில் விடுமுறை நாட்களைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. பள்ளி நடக்கும் நாளில்தான் பிரச்சினை வரும் என்று நினைத்திருந்தேன்.

ஹன்னாவைப் பற்றிச் சொல்கிறேன். ஜெர்மனியில் ஒரு சிறிய ஊரிலிருந்து வந்தவள். வயது இருபத்துமூன்று. ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்க ஒரு கல்வியாண்டு முழுவதும் ஒப்புக்கொண்டு, ஏப்ரல் கடைசியிலேயே வந்துவிட்டாள். கோடை விடுமுறையில் தமிழ் படித்தாள். ஜூன் மாதம் வகுப்புக்குள் நுழைந்தபோது பிள்ளைகளின் பெயர்களைத் தப்பில்லாமல் சொல்லத் தெரிந்திருந்தது. அவளுக்கு அன்னூரில் சரஸ்வதி என்பவரின் வீட்டில் மாடி அறை ஏற்பாடு செய்திருந்தோம். சரஸ்வதிக்கு ஐம்பது வயது. கணவர் விசைத்தறிக் கூடம் வைத்திருக்கிறார். மகளைக் கல்யாணம் செய்து கொடுத்த பிறகு காலியாக இருந்த அறை அது. ஹன்னா என்ற பெயர் அவர் வாயில் முதல் நாளே அன்னம் ஆகிவிட்டது.

வெளிநாட்டவர் வந்தவுடன் நம் ஊர்ப் பழக்கங்களைச் சொல்லிக்கொடுக்க ஒரு நாள் ஒதுக்குவோம். அன்று நான் ஹன்னாவிடம் சொன்னவற்றில் ஒன்று இது: இங்கே யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் முகத்துக்கு நேராக மாட்டேன் என்று சொல்லக் கூடாது, வருகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் எல்லோரும் அப்படித்தானே செய்கிறோம். நாலு வீட்டில் கூப்பிட்டால் நாலு வீட்டுக்கும் தலையாட்டிவிட்டு, எதற்குப் போக முடியுமோ அதற்குப் போவோம். போக முடியாத வீட்டுக்கு மறுநாள் ஒரு போன். கடைசியில் சொன்ன அந்தப் போனைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை. அது சொல்லித்தர வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. என் முதல் தவறு அது.

இரண்டாவது தவறு இன்னும் பெரியது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஹன்னா என் அறைக்கு வந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். தனியாக ஓர் அறை, சமையலும் தானே செய்துகொள்ளும்படி, கிடைக்குமா என்று கேட்டாள். அந்த வீட்டில் என்ன குறை என்றேன். ஒரு குறையும் இல்லை, எல்லோரும் மிக நல்லவர்கள் என்றாள். நல்லவர்கள் என்று சொல்லும்போது அவள் கண்ணில் நீர் நின்றது. அதை வீட்டு நினைவு என்று நானாக முடிவு செய்துகொண்டேன். பார்க்கலாம் என்றேன். அவள் எழுந்து நின்று, சுதந்திர தின விடுமுறைக்குப் பிறகு ஒரு முடிவு சொல்கிறேன், ஏப்ரல் வரை இருப்பேனா செப்டம்பரிலேயே திரும்பிவிடுவேனா என்று அப்போது தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனாள். செப்டம்பரில் அவள் போனால் மூன்று வகுப்புகளுக்கு அந்த ஆண்டு வேறு ஆள் கிடையாது. அதைத்தான் அப்போது யோசித்தேன்.

அந்த ஆண்டு சுதந்திர தினம் வெள்ளிக்கிழமை வந்தது. ஆடி மாதத்தின் கடைசி வெள்ளியும் அதுவே. சனி, ஞாயிறு சேர்ந்து மூன்று நாள் விடுமுறை. ஒரு வெளிநாட்டுப் பெண் அந்த மூன்று நாளும் சும்மா இருக்கிறாளே என்பதை நம் ஊரில் யாரும் தாங்கிக்கொள்ள மாட்டார்கள். பள்ளி அறக்கட்டளையின் செயலாளர் தம் தோட்டத்து வீட்டுக்கு வந்து தங்கும்படி அழைத்திருந்தார். அறிவியல் ஆசிரியை கலைமணி பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்திருந்தார். சரஸ்வதியோ கோயிலுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். மூவருக்கும் ஹன்னா ஒரே பதிலைச் சொன்னாள்: வருகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை கொடியேற்றத்துக்கு வந்தாள். பிள்ளைகளோடு வரிசையில் நின்று மிட்டாய் வாங்கிக்கொண்டாள். பத்து மணிக்குத் தோளில் ஒரு நீலத் துணிப்பையோடு கேட்டைத் தாண்டிப் போனதை நான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பள்ளி வேன் ஓட்டுநரின் குடும்பத்தார் கருப்பராயன் கோயிலில் கிடா விருந்து வைத்தார்கள். வேண்டுதல் நிறைவேறியதற்காக ஆடு வெட்டிச் சொந்தபந்தத்துக்கும் தெரிந்தவர்களுக்கும் போடுகிற சாப்பாடு. பதினொன்றரைக்குப் பந்தியில் என் இடப்பக்கம் சரஸ்வதி, அவருக்கு அந்தப் பக்கம் கலைமணி, எதிர் வரிசையில் செயலாளரும் அவர் மனைவியும். இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே சரஸ்வதி எதிரே பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்க, அன்னத்தைக் கூட்டிட்டு வரலீங்களா? கறி திங்காட்டியும் சும்மா வந்து பாத்திருக்குமுங்களே."

செயலாளரின் மனைவி, "எங்கூட்டுக்கு எங்கீங்க வந்துச்சு? கலைமணி டீச்சர் ஊட்டுல இருக்குதுன்னு நெனச்சுட்டமுங்க" என்றார்.

கலைமணி கையை இலையிலிருந்து எடுத்தார். "வியாழக்கெழமை அதுக்குச் சளி புடிச்சிருந்துச்சுங்க. அதனால உங்கூட்டுலயே படுத்திருக்கும்னு நெனச்சனுங்க சரஸ்வதிக்கா."

பரிமாறுகிறவர் வந்து எங்கள் இலைகளில் சோறு போட்டுவிட்டுப் போனார். யாரும் சாப்பிடவில்லை.

இரண்டு நாளாக மூன்று வீடுகளும் அவள் மற்ற இரண்டில் ஒன்றில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தன. ஒருவரும் ஒருவருக்கும் போன் செய்யவில்லை. அதற்குக் காரணம் அலட்சியம் கிடையாது. எங்கள் வீட்டுக்கு வராமல் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாளா என்று கேட்டால் அது குறைப்படுவதுபோல் ஆகிவிடும். விருந்தாளியை வைத்திருக்கும் வீட்டுக்குப் போன் செய்து விசாரித்தால் நம்பவில்லை என்று ஆகிவிடும். ஆகவே மூன்று வீட்டாரும் மரியாதையாகப் பேசாமல் இருந்தார்கள். வேறு ஊரில் இந்த விஷயம் வெள்ளிக்கிழமை மாலையே தெரிந்திருக்கும்.

அவளுடைய எண்ணை அழைத்தோம். அணைக்கப்பட்டிருந்தது. நான் அனுப்பிய செய்தி போய்ச் சேராமல் ஒற்றைக் குறியோடு நின்றுவிட்டது.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆசிரியர் பயிற்சிக்குப் போவதற்கு முன் கோவையில் ஒரு நாளிதழில் இரண்டு ஆண்டுகள் பிழை திருத்தினேன். எங்கள் மேசைக்குப் பக்கத்தில் இருந்த துணையாசிரியர் எந்த நிருபரையும் ஒரு கேள்வி கேட்காமல் விடமாட்டார்: நீ பார்த்தாயா, யாராவது சொன்னார்களா, நீயே நினைத்துக்கொண்டாயா? மூன்றாவது பதிலைச் சொன்னால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். பந்தியில் பேச்சு கூடிக்கொண்டே போனபோது அந்தக் கேள்வியைத்தான் நான் மூவரிடமும் கேட்டேன். யாரோ வெள்ளைக்காரப் பெண்ணை மேட்டுப்பாளையம் பேருந்தில் பார்த்ததாக ஒரு பேச்சு, ஊட்டிக்குப் போயிருப்பாள் என்று ஒரு பேச்சு. தட்டிக் கழித்துப் பார்த்தபோது ஒருவர்கூட எதையும் நேரில் பார்த்திருக்கவில்லை. கடைசியாக அவளைப் பார்த்தது நான். வெள்ளி காலை பத்து மணி.

சரஸ்வதி மாடி அறையைத் திறந்து அவள் பெட்டியைத் தேடிப் பார்க்கலாம் என்றார். வேண்டாம் என்றேன். முதலில் நம்மிடம் இருக்கும் இடத்தைப் பார்ப்போம், அவளுடைய இடத்தைப் பிறகு பார்ப்போம். பள்ளிச் சாவி என் கைப்பையில் இருந்தது. வியாழக்கிழமை கடைசிப் பாடவேளை அவள் ஏழாம் வகுப்பில் இருந்தாள். வெள்ளிக்கிழமை கொடியேற்றம் மட்டும் என்பதால் வகுப்பறைகளை யாரும் திறக்கவில்லை.

நானும் செயலாளரும் சரஸ்வதியும் போய் அறையைத் திறந்தோம். கரும்பலகை அழிக்கப்படாமல் இருந்தது. எதிர்காலத்தில் நடப்பதை எப்படி எழுதுவது என்ற பாடம். ஆங்கிலத்தில், உருண்டையான எழுத்தில், நாலு வாக்கியங்கள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: வெள்ளிக்கிழமை நான் பேருந்தில் பவானிக்குப் போவேன். ஆற்றின் அருகில் உட்காருவேன். மூன்று நாள் யாரிடமும் பேச மாட்டேன். திங்கட்கிழமை பேசுவேன்.

கீழே, 'நீங்கள்?' என்று ஒரு கேள்வி. மேசையில் முப்பத்தொரு நோட்டுகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் இந்த நாலு வாக்கியங்களும், அதன் கீழ் அந்தப் பிள்ளை தன் விடுமுறையைப் பற்றி எழுதிய நாலு வாக்கியங்களும். ஒரு பையன் தானும் மூன்று நாள் பேசமாட்டேன் என்றும், அம்மா சந்தோஷப்படுவார் என்றும் எழுதியிருந்தான். ஏழாம் வகுப்பு முழுவதுக்கும் அவள் எங்கே என்று தெரிந்திருந்தது. பெரியவர்கள் ஒருவர்கூட அவர்களைக் கேட்கவில்லை.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. செயலாளருக்கு அப்படி இல்லை. அவர் பலகையை இரண்டு முறை படித்தார். நூற்பாலை நடத்தியவர், நிதானமானவர், எதற்கும் குரலை உயர்த்த மாட்டார். அன்றும் உயர்த்தவில்லை.

"ஆத்தோரமாப் போறாளாம். யாருகிட்டயும் பேச மாட்டாளாம். போனையும் அணைச்சுப்போட்டா. இது எனக்கு நல்லதாப் படலீங்க டீச்சர்."

அவர் சொன்னது எனக்கு உறைத்தது. இரண்டு வாரத்துக்கு முன் நாற்காலி நுனியில் கண்ணீரோடு உட்கார்ந்திருந்தவளை நான் மட்டும்தான் பார்த்திருந்தேன். அதை அவரிடம் அப்போதே சொன்னேன். மறைத்திருந்தால் அடுத்து நான் கேட்கவிருந்த அவகாசத்தை எளிதாகக் கொடுத்திருப்பார். ஆனால் முடிவெடுக்க வேண்டியவருக்குப் பாதித் தகவலைக் கொடுத்து வாங்குகிற அனுமதி அனுமதி ஆகாது. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் உடனே பவானி காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டும், அவளை அனுப்பிய அமைப்புக்கும் பெற்றோருக்கும் தகவல் சொல்ல வேண்டும் என்றார். நியாயமான பேச்சு. ஆனால் புகார் பதிவானால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். அனுப்பிய அமைப்பு அவளை முதல் விமானத்தில் திரும்ப அழைத்துக்கொள்ளும். அது அவர்கள் விதி. அவள் ஒரு தவறும் செய்யாமல், ஓர் ஆற்றங்கரையில் உட்கார்ந்ததற்காக, காணாமல்போன பெண் என்ற பெயரோடு ஊர் திரும்புவாள். அங்கே பெற்றோர் நடுங்கிப்போவார்கள். இங்கே தொலைக்காட்சிக்காரர்கள் வருவார்கள். இந்தப் பக்கத்தில் இவ்வளவு. அந்தப் பக்கத்தில் ஓர் உயிர் இருக்கலாம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

நான் கடைசி வாக்கியத்தைக் காட்டினேன். திங்கட்கிழமை பேசுவேன். உயிரை விட நினைப்பவள் அதை எழுதியிருக்க மாட்டாள் என்றேன். பிள்ளைகளுக்காக எழுதியதாகவும் இருக்கலாமே என்றார் அவர். இருக்கலாம். காரில் போனால் பவானி இரண்டு மணி நேரம். ஐந்து மணிக்குள் அவளை என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லாவிட்டால் நீங்கள் புகார் கொடுங்கள், நான் அங்கேயே இருந்து கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். பவானியில் தெரிந்தவர்களிடம் போனில் விசாரிக்கச் சொல்லட்டுமா என்றார். அரை மணி நேரத்தில் ஆற்றங்கரை முழுக்க ஆட்கள் அவளைத் தேடுவார்கள், அது வேண்டாம் என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணி.

"அஞ்சுக்கு மேல ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டனுங்க."

அந்த நாலு மணி நேரம் சரியான முடிவா என்று இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நல்லபடியாக முடிந்ததால் அது சரி ஆகிவிடாது. அதே சூழ்நிலை உங்களுக்கு வந்தால் புகாரை உடனே கொடுக்க வேண்டியிருக்கலாம். பலகையில் அந்த நாலாவது வாக்கியம் இல்லாமல் இருந்திருந்தால் நானும் கொடுத்திருப்பேன்.

செயலாளர் தம் காரையும் ஓட்டுநரையும் கொடுத்தார். முன்னாலேயே வீட்டுக்குப் போயிருந்த சரஸ்வதியை ஏற்றிக்கொள்ள வாசலுக்கு வந்தபோது உள்ளே குக்கர் விசில் கேட்டது. எனக்குக் கோபம் வந்தது. ஆளையே காணோம், நீங்கள் சமைத்துக்கொண்டிருக்கிறீர்களே என்றேன். சரஸ்வதி தூக்குப்போசியில் அரிசிம்பருப்புச் சோறு போட்டு, மேலே நெய் ஊற்றி மூடினார்.

"காணாமப் போனவளுக்குப் பசிக்காதுங்களா?"

பெருந்துறை தாண்டியதும் அவர் தானாகவே பேசினார். அந்தப் பேச்சிலிருந்து நான் தெரிந்துகொண்டது நான் மூன்று மாதத்துக்கு முன்பே தெரிந்துகொண்டிருக்க வேண்டியது. காலையில் ஹன்னா கதவைத் திறக்கும் முன்பே காபியோடு சரஸ்வதி நிற்பார். பள்ளியிலிருந்து வந்தவுடன் பழம். அரை மணி கழித்து முறுக்கு. அவள் மொட்டை மாடிக்குப் போனால், தனியாக நிற்கிறாளே என்று பக்கத்து வீட்டுப் பெண்ணைத் துணைக்கு அனுப்புவார். படிக்க உட்கார்ந்தால் அறையில் போய்க் கட்டிலில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார். துணி துவைக்க விட மாட்டார், தட்டைக் கழுவ விட மாட்டார். ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் அவளைப் பார்க்கவென்றே வருவார்கள்.

"கதவைச் சாத்திட்டு உக்காந்துச்சுன்னா எனக்கு மனசு கேக்காதுங்க. எம்மக பிரசவத்துக்கு வந்தப்பக்கூட இப்படித்தானுங்க பாத்துக்கிட்டேன். ஊரு ஊட்ட உட்டுப்போட்டு வந்த புள்ளைய ஒண்டியா உட்டாப் பாவமில்லீங்களா?"

இல்லை என்று எப்படிச் சொல்வது? இந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தது நான். ஒவ்வொரு மாதமும் போய்ப் பார்த்து, விருந்தோம்பல் மிகச் சிறப்பு என்று அறிக்கை எழுதியதும் நான். ஒரு முறைகூட அவள் எந்த நேரத்தில் தனியாக இருக்கிறாள் என்று கேட்கவில்லை. நான்கு மாதத்தில் அப்படி ஒரு மணி நேரம்கூட அவளுக்குக் கிடைக்கவில்லை.

பவானியில், ஆறுகள் கூடும் கோயில் படித்துறையான கூடுதுறைக்குப் போனபோது மூன்றே முக்கால். ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. படித்துறையில் கூட்டம். நான் முகங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். சற்றுக் கழித்துத் திரும்பினால் சரஸ்வதி படிகளைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூக்குப்போசியை இரண்டு கைகளாலும் மார்போடு பிடித்திருந்தார். அப்போதுதான் எனக்கு உள்ளூர உண்மையான பயம் வந்தது.

கூடுதுறையில் அவள் இல்லை. நாலே கால் ஆனது. கரையோரமாகவே நடந்தோம். கோயில் கூட்டம் ஓய்ந்து, துணி துவைக்கும் சிறிய படித்துறை ஒன்று வந்தது. இரண்டு பெண்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடமிருந்து பத்தடி தள்ளி, பாவாடையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு ஹன்னா நின்றிருந்தாள். ஒரு சட்டையைக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தாள். சட்டை பாதி கல்லிலும் பாதி அவள் முகத்திலும் பட்டது. தலையெல்லாம் நனைந்திருந்தது. மேல்படியில் அவளுடைய துணிகள் வரிசையாக விரித்துக் காயப்போடப்பட்டிருந்தன. துவைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி பேசாமல் சோப்பை நீட்டினாள். ஹன்னா பேசாமல் வாங்கிக்கொண்டாள்.

நாங்கள் ஒரு சுவரின் பக்கத்தில் நின்றோம். சரஸ்வதி மூச்சை வெளியே விட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் சொன்ன முதல் வார்த்தை நன்றாக நினைவிருக்கிறது.

"சோப்பே போகலைங்க. அப்படியே காயப்போட்டுருச்சு பாருங்க."

அடுத்து கண்ணு என்று கூப்பிடுவதற்காகக் கையைத் தூக்கினார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். என் பணிக்காலத்தில் அதைவிட வேகமாக நான் எதையும் செய்ததில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கூப்பிடாதீங்க."

"ஏனுங்க? சோத்தையாவது குடுத்துப்போட்டு வந்தர்றனுங்க. மூஞ்சி வாடிக் கெடக்குது."

"நாம வந்தது தெரிஞ்சுபோயிருமுங்க."

"தெரிஞ்சா என்னங்க? நம்ம புள்ளதானுங்களே?"

"திங்கக்கெழமை பேசறேன்னு எழுதியிருக்குதுங்க, சரஸ்வதி. இன்னிக்கு ஞாயித்துக்கெழமை."

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஹன்னா சட்டையைப் பிழிந்து, உதறி, படியில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு கல் வைத்தாள். பிறகு கீழ்ப்படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டாள். அவள் முகம் வாடியிருக்கவில்லை. நான் அந்த நான்கு மாதத்தில் பார்த்திராத ஒரு முகம் அது. அதில் யாருக்கும் எதுவும் இல்லை, சிரிப்புக்கூட இல்லை.

காருக்குத் திரும்பிச் செயலாளரை அழைத்தேன். நாலு முப்பத்தெட்டு. பார்த்துவிட்டேன் என்றேன். என்ன சொன்னாள் என்று கேட்டார். பேசவில்லை என்றேன்.

"பேசாம எப்படிங்க டீச்சர் நல்லா இருக்கான்னு சொல்றீங்க?"

"துணி தொவச்சுக் காயப்போட்டிருக்குதுங்க. நாளைக்குப் போட்டுக்கறதுக்குத்தானுங்களே தொவைக்குது."

"செரிங்க" என்றார். "பாத்துப் பதனமா வாங்க."

திரும்பும் வழியில் காரை ஓரமாக நிறுத்தி, நானும் சரஸ்வதியும் ஓட்டுநரும் அந்த அரிசிம்பருப்புச் சோற்றைச் சாப்பிட்டோம். காலையிலிருந்து யாரும் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. அடி வரைக்கும் வழித்துவிட்டோம்.

திங்கட்கிழமை காலை முதல் பேருந்தில் வந்து ஹன்னா நேராகப் பள்ளிக்குள் நுழைந்தாள். முதல் பாடவேளை ஏழாம் வகுப்பு. சோப்பு சரியாகப் போகாத அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தாள். மதியம் அவளை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பந்தி, பலகை, செயலாளரின் ஐந்து மணி, சுவரின் பக்கத்தில் நின்றது. சொல்லாமல் விட்டிருக்கலாம், ஓட்டுநர் மூலமாகப் பள்ளியில் பரவும்வரை. அதைவிட என் வாயிலிருந்து வருவது மேல்.

நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கூப்பிடாமல் வந்தோமே, அதற்காக. அவள் முகம் சிவந்தது. எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று கேட்டாள். எட்டு நிமிடம் இருக்கும் என்றேன். அந்த எட்டு நிமிடமும் நான் தனியாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்றாள். எழுந்து போனாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவள் தங்குவாளா போவாளா என்று தெரியாமல் அந்த இரண்டு நாளும் நான் ஏழாம் வகுப்பைத் தாண்டும்போது உள்ளே பார்க்காமல் நடந்தேன்.

புதன்கிழமை வந்தாள். அவளும் யோசித்திருந்தாள். மூன்று வீட்டுக்கும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு யாருக்கும் சொல்லாமல் போனது தப்பு என்றாள். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடிதான் செய்தேன் என்றும் சொன்னாள். இரண்டும் உண்மை. அரை மணி நேரம் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். வெளியூர் போகும்போது போகுமிடத்தையும் திரும்பும் நேரத்தையும் எழுதி ஓர் உறையில் போட்டு ஒட்டி என்னிடம் கொடுத்துவிடுவாள். சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் வரவில்லை என்றால் மட்டும் நான் பிரிப்பேன். அதுவரை யார் கேட்டாலும், செயலாளரே கேட்டாலும், என் பதில் ஒன்றுதான்: எனக்குத் தெரியாது. உங்கள் கோப்பின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் விதி இப்படி வந்தது. அதை நானாக யோசித்து எழுதியதாகச் சிலர் சொல்வார்கள். பாதி அவளுடையது.

வீட்டை மாற்றித் தரட்டுமா என்று அன்றுதான் முதல்முறையாக ஒழுங்காகக் கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். வேண்டாம், நானே பேசிப் பார்க்கிறேன் என்றாள்.

அன்று மாலை அந்த வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அவளுடைய தமிழும் சரஸ்வதியின் பொறுமையும் அதற்கு எவ்வளவு தூரம் போதுமாக இருந்தன என்றும் தெரியாது. செப்டம்பர் வந்தது; அவள் போகவில்லை.

அடுத்த தொடர் விடுமுறை ஆயுதபூஜைக்கு வந்தது. ஹன்னா எனக்கு உறை எதுவும் கொடுக்கவில்லை. எங்கும் போகவில்லையா என்று நானும் கேட்கவில்லை. விடுமுறையின் இரண்டாம் நாள் பகல் ஒரு மணிக்குச் சரஸ்வதி போன் செய்தார். குரலைத் தணித்துப் பேசினார், மாடிக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

"டீச்சர், அன்னம் நேத்துப் பொழுதோட இருந்து கதவைச் சாத்திட்டு உள்ளயே இருக்குதுங்க. மூணு நாளைக்கு ஆரும் தட்டக் கூடாதுன்னு சொல்லிப்போட்டுச்சு. நானும் செரின்னுட்டேன். சொந்தக்காரங்களையெல்லாம் வர வேண்டாம்னு சொல்லிட்டனுங்க."

ஏதாவது பிரச்சினையா என்றேன்.

"அதெல்லாம் இல்லீங்க. சோத்தைத் தட்டுல போட்டுக் கதவுக்கு வெளிய வெச்சுப்போட்டு எறங்கி வந்துட்டேன். திரும்பிப் பாக்கலைங்க." அவர் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டார். "இப்பப் போய்ப் பாத்தேன். தட்டு வெளிய வந்திருக்குதுங்க. கழுவி வெச்சிருக்குது."